பத்து அணி மாறியவர் தேறாதவரா? ஜிம் டவுடை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "ஐஸ் ஹாக்கியில் சிலர் எட்டு, பத்து, பன்னிரண்டு அணிகளுக்கு ஆடியிருக்கிறார்கள். ஓரிடத்திலும் நிலைக்கவில்லை என்றால் சுமாரான ஆட்டக்காரர்கள் என்றுதானே அர்த்தம்? அப்படிப்பட்டவர்கள் ஓய்வுக்குப் பிறகு சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறார்களே, அவர்களை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்கலாமா?"

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். சுமாரான ஆட்டக்காரரை ஓர் அணி பார்க்கும், இன்னோர் அணி பார்க்கும், அதோடு அவர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். பத்தாவது அணியும் ஒருவரைக் கூப்பிடுகிறது என்றால், முந்தைய ஒன்பது இடங்களிலும் விசாரித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறது. கிரிக்கெட்டில் ஆரோன் ஃபின்ச்சைப் பாருங்கள். ஐபிஎல்லில் ஒன்பது அணிகளின் சட்டையைப் போட்டவர். 2021இல் ஆஸ்திரேலியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது கேப்டனும் அவர்தான். இத்தனை அணி மாறினார் என்பதை மட்டும் வைத்து ஒருவரின் தரத்தை எடைபோட முடியாது.

இரண்டாவது பாதிக்கு நிதானமான பதில் வேண்டும். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதைவிட ஒருவரைப் பிடித்துக்கொண்டு பேசுவது எனக்கு வசதி. அந்த ஒருவர் ஜிம் டவுட். வட அமெரிக்காவின் முதல் நிலை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் பத்து அணிகள், 728 ஆட்டங்கள். பிறகு சொந்தப் பகுதிக்கே திரும்பிச் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

டவுட் பிறந்தது 1968 டிசம்பர் 25. ஊர் பிரிக். நியூஜெர்சி மாநிலத்தின் கடலோரம். அமெரிக்காவில் ஹாக்கி ஊர் என்றால் மினசோட்டா, மாசசூசெட்ஸ், மிச்சிகன் என்றுதான் அன்றைக்குச் சொல்வார்கள். நியூஜெர்சி கரையோரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோடை விடுமுறைதான், பனிக்கட்டி இல்லை. மாநிலத்தின் என்.எச்.எல். அணியான டெவில்ஸே 1982இல்தான் கொலராடோவிலிருந்து அந்த மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து வந்தது. டவுடுக்கு அப்போது பதின்மூன்று வயது. வந்த புதிதில் அணி எந்த லட்சணத்தில் இருந்தது என்றால், 1983இல் எட்மண்டன் 13–4 என்று அடித்துப் போட்ட பிறகு அதன் பெரிய நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியே இவர்களை 'மிக்கி மவுஸ்' என்று கிண்டலடித்தார். அந்த வார்த்தைக்காகப் பிறகு அவர் வருந்த வேண்டியிருந்தது என்பது தனிக்கதை.

பிரிக்கில் 'ஓஷன் ஐஸ் பேலஸ்' என்று ஒரு ரிங்க், அதாவது பனிச்சறுக்கு அரங்கு, உண்டு. டவுட் சறுக்கி வளர்ந்தது அங்கேதான். ஊர் உயர்நிலைப் பள்ளிக்காக ஆடி 375 புள்ளிகள் எடுத்தார். ஹாக்கியில் கோல் போட்டால் ஒரு புள்ளி, அந்த கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தால், அதாவது 'பக்' என்னும் அந்த ரப்பர் வட்டைக் கடத்திக் கொடுத்தால், ஒரு புள்ளி. 375 என்பது அன்றைக்கு அமெரிக்கப் பள்ளி ஹாக்கியின் தேசிய சாதனை. இருந்தும் 1987 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அவர் பெயரைக் கூப்பிடும்போது எட்டாவது சுற்று வந்துவிட்டது. 149ஆவது ஆள். நியூஜெர்சிப் பள்ளி ஆட்டத்தில் எடுத்த எண்களை யாரும் பெரிய சரக்காக மதிக்கவில்லை என்பதே என் கணிப்பு. எடுத்தது டெவில்ஸ்தான், அவர் வீட்டிலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த அணி.

உடனே போய் ஆடிவிடவில்லை. மிச்சிகனின் வடகோடியில் இருக்கும் லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம். சேர்ந்த முதல் பருவத்திலேயே, 1988இல், அந்தக் கல்லூரி தேசியச் சாம்பியன். பிறகு டெவில்ஸின் கிளை அணிகளான யூட்டிகாவிலும் ஆல்பனியிலும் காத்திருப்பு. கிளை அணி என்றால் ஏ.எச்.எல். என்ற இரண்டாம் நிலை லீக். பேருந்துப் பயணம், சின்ன அரங்கு, குறைந்த சம்பளம், எந்த நேரமும் மேலே வா என்று போன் வரலாம் என்ற நினைப்பு. 1993–94இல்தான் அவர் மேலே வந்து ஒட்டிக்கொண்டார். அந்த வசந்தத்தில் டெவில்ஸ், நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் ஏழு ஆட்டத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது கூடுதல் நேரத்தில் தோற்றுப் போனார்கள். டவுடும் அந்த அணியில் இருந்தார்.

அடுத்த வருடம்தான் அவர் வாழ்க்கையின் பிரபலமான ஒரு நிமிடம். முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நடந்த சண்டையில் 1994–95 பருவம் 48 ஆட்டங்களாகச் சுருங்கியிருந்தது. அதிலும் தோள்பட்டைக் காயத்தால் டவுட் பத்து ஆட்டங்கள்தான் ஆடினார். இறுதிப் போட்டி டெட்ராய்ட்டுடன். எல்லாரும் டெட்ராய்ட் தான் என்றார்கள். முதல் ஆட்டத்தை டெவில்ஸ் 2–1 என்று எடுத்தார்கள். ஜூன் 20 அன்று இரண்டாவது ஆட்டம். கடைசிப் பகுதியில் ஸ்காட் நீடர்மையர் அரங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிப் போட்ட கோலில் 2–2. முடிய ஒரு நிமிடம் 24 நொடி இருக்கும்போது ஷான் சேம்பர்ஸ் அடித்த அடி தடுக்கப்பட்டுச் சிதறி வர, கோல் வாயிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த டவுட் அதைத் தட்டி உள்ளே தள்ளினார். ஆட்டம் 4–2 என்று முடிந்தது. தொடர் 4–0. லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை டெவில்ஸுக்கு வந்தது அதுவே முதல்முறை. நியூஜெர்சியில் வளர்ந்து டெவில்ஸுக்காக ஆடிய முதல் ஆளும் இவர்தான். உள்ளூர்ப் பையன், உள்ளூர் அணி, கோப்பைக்கான கோல். இதற்கு மேல் ஓர் ஊர் என்ன கேட்கும்?

அதே வருடம் டிசம்பரில் அவரை விற்றுவிட்டார்கள். ஒரே நாளில் இரண்டு கை மாறினார். டெவில்ஸ் அவரை ஹார்ட்ஃபோர்டுக்குக் கொடுத்தது. ஹார்ட்ஃபோர்ட் அவரை இன்னொரு பேரத்தில் சேர்த்து வான்கூவருக்கு அனுப்பிவிட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் விடிந்த நாள், கனடாவின் மேற்குக் கரை அணிக்காரராக முடிந்தது. ஹார்ட்ஃபோர்ட் சட்டையை அவர் போடவே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, இது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். வட அமெரிக்க லீக்குகளில் பெரும்பாலான வீரர்களின் ஒப்பந்தம் ஒரு பொருள் மாதிரி கைமாறும். வீரர் சம்மதிக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. என்னை மாற்றக் கூடாது என்ற பிரிவை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குப் பலம் உள்ளவர்கள் நட்சத்திரங்கள் மட்டும். மற்றவர்களுக்கு ஒரு போன் வரும், ஒரு விமான டிக்கெட் வரும். பெரிய நட்சத்திரத்தை மாற்றும்போது கணக்குச் சரிக்கட்ட இன்னொரு ஆளும் வேண்டும், சம்பளம் அதிகமில்லாத, எங்கே போட்டாலும் பொருந்திக்கொள்ளும் ஆள். டவுட் போன்றவர்கள் இப்படித்தான் ஊர் ஊராகப் போனார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பயன்படாதவரைப் பேரத்தில் சேர்க்க முடியாது, எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாது. ஆக, அடிக்கடி விற்கப்படுவதற்கே ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும்.

அதோடு அந்தக் காலத்தில் லீக் வீங்கிக்கொண்டே போனது. 1990–91இல் 21 அணிகள். 2000இல் 30. புதிய அணி பிறக்கும்போது மற்ற அணிகள் பாதுகாக்காமல் விட்ட வீரர்களிலிருந்து ஆள் பொறுக்கிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் எக்ஸ்பான்ஷன் டிராஃப்ட். புதிய அணிக்கு இருபது இளைஞர்களை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது, வேலை தெரிந்த கைகள் வேண்டும்.

வான்கூவருக்குப் பிறகு டவுடுக்கு மூன்று மோசமான வருடங்கள். 1996–97இல் நியூயார்க் ஐலண்டர்ஸுக்காக ஆடியது மூன்றே ஆட்டம், மீதி நாளெல்லாம் சிறு லீக்குகளில், பெரும்பாலும் யூட்டா கிரிஸ்லீஸ் என்ற அணியில். அடுத்த வருடம் கால்கரியில் 48 ஆட்டம், பாக்கி அதன் கிளையான செயின்ட் ஜானில். 1998இல் புதிதாகப் பிறந்த நாஷ்வில் அவரை வாங்கி, லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆட விடாமல் எட்மண்டனுக்குக் கைமாற்றியது. அந்தப் பருவத்தில் எட்மண்டனுக்காக ஒரே ஒரு ஆட்டம். மற்றதெல்லாம் அதன் கிளையான ஹாமில்டன் புல்டாக்ஸில். முப்பது வயது. ஸ்டான்லி கோப்பை இறுதியில் வெற்றி கோல் போட்டு நாலு வருடம்கூட ஆகவில்லை.

பலர் இந்தக் கட்டத்தில் ஐரோப்பாவுக்குப் போவார்கள், அல்லது காலணியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். டவுட் 1999–2000இல் எட்மண்டனின் முதல் அணியில் 69 ஆட்டம் ஆடினார். எப்படி? அவர் புதிதாகக் கோல் போடக் கற்றுக்கொள்ளவில்லை. மொத்த என்.எச்.எல். வாழ்க்கையிலும் அவர் போட்டது 71 கோல்தான். பள்ளியில் நூற்றுக்கணக்கில் புள்ளி குவித்தவர், பெரிய லீக்கில் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, யாரும் விரும்பிச் செய்யாத வேலைகளில் கை தேர்ந்தவராக மாறிக்கொண்டார். உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கான விடை இங்கேதான் தொடங்குகிறது.

அந்த வேலைகளில் ஒன்று ஃபேஸ்-ஆஃப். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போதெல்லாம் நடுவர் பக்கைக் கீழே போட, இரு அணியின் சென்டர்களும், அதாவது நடு ஆட்டக்காரர்களும், அதற்காக மோதுவார்கள். ஓர் ஆட்டத்தில் சுமார் அறுபது முறை. பார்ப்பவருக்கு ஒரு நொடிக் கைகலப்பு. உள்ளே இருப்பவருக்கு அது சதுரங்கம். டவுட் ஆடிய காலத்தில் வெளியூர் அணிக்காரர்தான் மட்டையை முதலில் ஊன்ற வேண்டும், ஆகவே உள்ளூர்க்காரருக்கு அரை நொடி லாபம். எதிராளி கீழ்க்கையை எப்படித் திருப்பிப் பிடித்திருக்கிறான் என்று பார்த்தால் அவன் எந்தப் பக்கம் இழுக்கப் போகிறான் என்று தெரிந்துவிடும். பக்கைப் பார்க்கக் கூடாது, நடுவரின் கையைப் பார்க்க வேண்டும். வலுவான ஆளிடம் மட்டையால் ஜெயிக்க முடியாவிட்டால், அவன் மட்டையைத் தூக்கிப் பூட்டிவிட்டு, பக்கைக் காலால் பின்னே தள்ளலாம். நூற்றுக்கு ஐம்பத்தைந்து ஜெயித்தால் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லும் துறை இது. முன்னூறு பேருடன் மோதி, ஒவ்வொருவரின் பழக்கத்தையும் மனதில் குறித்து வைத்துக்கொள்பவருக்குத்தான் அந்த ஐந்து சதவீதம் கிடைக்கும். பத்து அணியில் ஆடியவருக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு, இன்றைய எதிராளிகளில் பாதிப்பேர் நேற்றைய சகாக்கள்.

இன்னொன்று பெனால்டி கில். நம் ஆள் ஒருவன் தவறு செய்து இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்திருக்கும்போது, ஐந்து பேரை நான்கு பேர் சமாளிப்பது. அங்கே பக்கைத் துரத்தினால் செத்தோம். பெட்டி வடிவத்தில் நின்று, மட்டையைப் பனிமேல் கிடத்திப் பாதையை அடைத்து, அடியை உடம்பில் வாங்கி, முப்பது நாற்பது நொடியில் மூச்சு போனதும் அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். கைதட்டல் இருக்காது, புள்ளிப் பட்டியலில் பெயர் வராது, பயிற்சியாளருக்கு மட்டும் தெரியும்.

2000இல் மினசோட்டா வைல்ட் என்ற புதிய அணி பிறந்தது. எக்ஸ்பான்ஷன் டிராஃப்டில் டவுடை எடுத்தார்கள். பயிற்சியாளர் யார் என்றால், 1995இல் டெவில்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ழாக் லெமேர். நடு மைதானத்தை வலை போட்டு மூடும் அவருடைய தற்காப்பு முறையை ஏற்கெனவே மனப்பாடமாக அறிந்த ஓர் ஆள் புதிய அணிக்கு எவ்வளவு தேவைப்பட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் அங்கே கேப்டன் பதவியை மாதத்துக்கு ஒருவராகச் சுற்றிவிட்டார்கள், டவுடுக்கும் முறை வந்தது. 2003 பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகளில், அந்த மூன்று வயது அணி, கொலராடோவையும் வான்கூவரையும், இரண்டு தொடரிலும் 1–3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து தோற்கடித்தது. டவுடின் ஓட்டத்தில் அதிக காலம் ஓரிடத்தில் இருந்தது அங்கேதான், ஏறக்குறைய நான்கு பருவம்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். 2004 மார்ச்சில் மான்ட்ரியல். அடுத்த பருவம் முழுவதும் லீக் கதவடைப்பில் ரத்தானபோது ஜெர்மனியில் ஹாம்பர்க் ஃப்ரீஸர்ஸ். திரும்பி வந்து சிகாகோ, கொலராடோ, மறுபடி டெவில்ஸ். கடைசியாக 2007–08இல் பிலடெல்ஃபியா. அந்த அணி கிழக்குப் பிரிவு இறுதிவரை போனது. டவுடுக்கு அப்போது 39 வயது, எழுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

டவுட் மட்டும் இப்படி இல்லை. கனடாவின் ரெஜைனா ஊர்க்காரர் மைக் சிலிஞ்சர் பன்னிரண்டு அணிகளில் ஆடி, ஒன்பது முறை கைமாற்றப்பட்டவர். இரண்டுமே லீக்கில் சாதனை. 1989இல் முதல் சுற்றிலேயே, பதினோராவது ஆளாக டெட்ராய்ட் எடுத்தது, ஆக ஆரம்பத்தில் டவுடைவிடப் பெரிய நம்பிக்கை. அவரும் ஃபேஸ்-ஆஃபை நம்பிப் பிழைத்தவர், 1049 ஆட்டங்கள். அவர் ஆடிய பன்னிரண்டில் ஒட்டாவா, டாம்பா பே, ஃப்ளோரிடா, அனஹைம், நாஷ்வில், கொலம்பஸ் ஆகிய ஆறும் அந்தப் பத்தாண்டில் புதிதாகப் பிறந்தவை. லீக் விரிந்ததற்கும் இவர்கள் ஊர் ஊராக ஓடியதற்கும் உள்ள தொடர்பு இதிலேயே தெரிகிறது. 2003 ஜூலையில் அவரும் ஒரே நாளில் இரண்டு முறை விற்கப்பட்டார், கொலம்பஸிலிருந்து டல்லாஸ், அங்கிருந்து ஃபீனிக்ஸ். ஓய்வுக்குப் பிறகு எட்மண்டன் அணியில் இளம் வீரர்களை வளர்த்தெடுக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. மகன் கோல் சிலிஞ்சர், அப்பா கொலம்பஸில் ஆடியபோது அங்கே பிறந்தவர், 2021இல் அதே கொலம்பஸ் அணியால் பன்னிரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார்.

இனி பயிற்சிக்கு வருவோம். டவுட் ஊர் திரும்பி, நியூஜெர்சியின் ரெட் பேங்க்கில் 'ரெட் பேங்க் ஜெனரல்ஸ்' என்ற சிறுவர் அமைப்பில் பயிற்சியாளராக இருந்தார். பழைய ராணுவக் கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய ரிங்க் அவர்களுடையது. 'ஷூட் ஃபார் த ஸ்டார்ஸ்' என்ற அறப்பணியும் அவருடையதே, ஆட்டம் நடத்தி நோயுற்ற பிள்ளைகளின் குடும்பங்களுக்கு நிதி திரட்டுவது.

இப்படி வந்தவர்களிடம் பிள்ளைகள் என்ன கற்கலாம்? ஒரு கிரெட்ஸ்கிக்கு பக் எங்கே வரும் என்று தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விளக்க முடியாது, அது அவருக்குள் ஓடுவது. டவுட் போன்றவரோ தன் பிழைப்பையே சொல்லித்தரக்கூடிய விஷயங்களின் மேல் கட்டியவர். கீழ்க்கை எங்கே, முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும், எந்தக் கணத்தில் மட்டையைத் தூக்க வேண்டும் என்று துண்டு துண்டாக எடுத்துக்காட்ட முடியும், ஏனென்றால் அவரும் அப்படித் துண்டு துண்டாகத்தான் கற்றார். புதிய அணிக்குப் போய் இரண்டே நாளில் அங்குள்ள முறையைப் படித்து ஆட வேண்டிய கட்டாயம் இருந்ததால், நல்ல பயிற்சியாளர் எதைத் தெளிவாகச் சொல்வார், மோசமானவர் எங்கே குழப்புவார் என்பதை மாணவன் இடத்திலிருந்து பலமுறை அனுபவித்திருக்கிறார். முக்கியமான இன்னொன்று: பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் பையனின் முகம் அவருக்குப் புரியும். ஒருபோதும் பெஞ்சில் உட்காராத நட்சத்திரத்துக்கு அது புரிவது கடினம்.

ஆனால் இதை வைத்து முன்னாள் என்.எச்.எல். வீரர் என்றாலே நல்ல பயிற்சியாளர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களிடம் நான் காணும் பொதுவான குறை, முறைகளை வயதுக்கு முன்பே திணிப்பது. எட்டு வயதுப் பிள்ளைக்கு லெமேரின் தற்காப்பு வலை எதற்கு? பெரியவர்களுக்கான ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். அந்தப் பரப்பில் சின்னப் பிள்ளைகளை ஐந்துக்கு ஐந்து விட்டால், வேகமாகச் சறுக்கும் ஒருவன் பக்கோடு போய்க்கொண்டே இருப்பான், மற்றவர்கள் பின்னால் ஓடிக் களைப்பார்கள். அமெரிக்க ஹாக்கிச் சம்மேளனமான யுஎஸ்ஏ ஹாக்கி 2009இல் கொண்டுவந்த வளர்ச்சித் திட்டம் இதைத்தான் மாற்றப் பார்த்தது. எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ரிங்கின் குறுக்கே, சின்ன இடத்தில் ஆட வேண்டும். வழக்கமான பக் ஏறக்குறைய 170 கிராம், இவர்களுக்கு 113 கிராம் எடையில் நீல நிறப் பக். பயிற்சியில் ரிங்கைப் பல பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு விளையாட்டு. பிள்ளை பக்கைத் தொடும் தடவை கூடுவதுதான் நோக்கம். 2011இல் இன்னொரு மாற்றம்: ஆட்டத்தில் உடம்பால் மோதித் தள்ளுவதைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிரிவிலிருந்து எடுத்து, அடுத்த பிரிவுக்குத் தள்ளிப்போட்டார்கள். மூளைக் காயம் பற்றிய கவலையோடு, அந்த வயதில் மோதலுக்குப் பயந்து பிள்ளைகள் சறுக்கும் திறனை வளர்த்துக்கொள்ளாமல் போகிறார்கள் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. கனடா 2013இல் இதே வழிக்கு வந்தது.

பழைய ஆட்டக்காரர்களில் சிலர் இதையெல்லாம் பூசி மெழுகிய வேலை என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அவர்களோடு உடன்பாடில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் மூன்று, நான்கு வயதில் சறுக்கக் கற்றிருப்பார். எப்படிக் கற்றோம் என்பது அவர் நினைவிலேயே இருக்காது. நினைவில் இல்லாததை அவர் எப்படிச் சொல்லித் தருவார்? ஃபேஸ்-ஆஃபில் அவரிடம் இருக்கும் அந்தத் தெளிவு, ஆறு வயதுப் பிள்ளைக்குச் சறுக்குக் காலணித் தகட்டின் உள்ளோரத்தில் திரும்பக் கற்றுக்கொடுக்கும்போது இருக்காது. அதை அவரும் புதிதாகப் படிக்க வேண்டியதுதான்.

இதற்கு நியூஜெர்சியிலேயே நேர் எதிர் உதாரணம் உண்டு. மாநிலத்தின் தெற்கே ஹாலிடெல் ரிங்க்கில் பல வருடம் ஹாக்கிப் பயிற்சியை நடத்தியவர் கை கோட்ரோ. கல்லூரி வரை ஆடியவர், என்.எச்.எல். பக்கம் போனதில்லை. சறுக்க மறுத்த தன் சின்ன மகனுக்கு முன்னால் பனிமேல் ஸ்கிட்டில்ஸ் மிட்டாய்களைப் போட்டு, பையன் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டே நகர வைத்தாராம். அந்த மகன்தான் ஜானி கோட்ரோ, 2014இல் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருது வாங்கி, கால்கரியிலும் கொலம்பஸிலும் ஒளிவீசி, 2024 ஆகஸ்டில் தம்பி மேத்யூவோடு சைக்கிளில் போகையில் கார் மோதி இறந்துபோனவர். தொடக்க வயதுப் பிள்ளைக்கு அந்த மிட்டாய் யோசனை வரக்கூடிய ஆள் போதும், 728 ஆட்ட அனுபவம் தேவையில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டி, பையன் தன் இடம் எது, அணியில் தன் வேலை எது என்று கேட்கத் தொடங்கும்போது டவுட் போன்றவரின் மதிப்பு சட்டென்று ஏறும்.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்ற வீரர் சிறுவர் ஹாக்கிக்குள் நுழைவது பெரும்பாலும் தன் பிள்ளையின் அணி வழியாகத்தான். சொந்த மகனுக்கு அதிக நேரம் கொடுக்கிறார் என்ற புகை எந்த ஊரிலும் கிளம்பும். சில சமயம் அதில் உண்மையும் இருக்கும். பெற்றோர் பக்கமும் கோளாறு உண்டு. பயிற்சியாளர் பெரிய லீக்கில் ஆடியவர் என்றதும் தங்கள் பிள்ளையும் அங்கே போய்விடும் என்று கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். 728 ஆட்டம் ஆடியவரே எட்டாவது சுற்றில் வந்தவர், முப்பது வயதில் கிளை அணியில் பேருந்தில் போனவர் என்பதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாநிலத்தில் நடந்த மாற்றத்தைப் பொறுத்தவரை, டவுட் 149ஆவதாகப் போன 1987க்குச் சரியாக இருபது வருடம் கழித்து, ரெட் பேங்க்குக்குப் பக்கத்து ஊரான மிடில்டவுனில் வளர்ந்த ஜேம்ஸ் வான் ரீம்ஸ்டைக்கை பிலடெல்ஃபியா இரண்டாவது ஆளாக எடுத்தது. இதற்கு டவுடுதான் காரணம் என்று சொன்னால் மிகை. டெவில்ஸ் 1995, 2000, 2003 என மூன்று கோப்பை வென்றதில் மாநிலமெங்கும் பிள்ளைகள் மட்டை தூக்கினார்கள். ஆனால் பிரிக் பையன் ஒருவன் அங்கே போனான், கோல் போட்டான் என்பது அந்தக் கரையோரப் பிள்ளைகளுக்கு ஒரு முன்னுதாரணமாக இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு பயிற்சியாளர் கிடைத்தால், அவர் எத்தனை அணி மாறினார் என்பதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். யுஎஸ்ஏ ஹாக்கியின் கீழ் வரும் அமைப்பு என்றால் பயிற்சியாளர் பயிற்சிப் படிகளை முடித்தாரா, அந்த வயதுப் பிரிவுக்கான பாடத்தை எடுத்தாரா, பின்னணிச் சோதனையும் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியும் ஆயிற்றா என்று அமைப்பிடம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிறகு ஒரு மணி நேரப் பயிற்சியை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். வரிசையில் சும்மா நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர் வெள்ளைப் பலகையில் படம் போட்டுக்கொண்டு நிற்கும் நேரம் எவ்வளவு என்று கவனியுங்கள். ஆட்ட நாளில் கடைசி ஐந்து நிமிடம், ஒரு கோல் வித்தியாசத்தில் இருக்கும்போது, அணியின் பலவீனமான பையனை அவர் உள்ளே அனுப்புகிறாரா என்று பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணியில் அதை மறுக்கும் பயிற்சியாளரிடம் என் பிள்ளையை நான் விடமாட்டேன், அவர் வீட்டு அலமாரியில் ஸ்டான்லி கோப்பை மோதிரம் இருந்தாலும் சரி.